ஒரே பனீர், நான்கு கிண்ணங்கள்

வெங்காயத்தைப் பச்சையாக அரைத்து வைத்தால் கசக்கும். இந்த ஒரு வரியை யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால், 2019 தீபாவளிக்கு மறுநாள் பன்னிரண்டு பேருக்காகச் செய்த ஷாஹி பனீர் குப்பைக்குப் போயிருக்காது. ஒன்றரைக் கிலோ பனீர், கால் கிலோ முந்திரி, இரண்டு பாக்கெட் கிரீம். மாலையில் வேலை குறையுமே என்று காலையிலேயே வெங்காயத்தை அரைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன். மாலையில் மூடியைத் திறந்தபோதே காட்டமான ஒரு நெடி. கொதித்தால் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. வாயில் வைத்ததும் முந்திரியின் இனிப்பு, விழுங்கிய பிறகு அடிநாக்கில் கசப்பு. சர்க்கரை போட்டேன், கிரீம் ஊற்றினேன், நெய் விட்டேன். புளிப்பைச் சர்க்கரை மறைக்கும், காரத்தைப் பால் தணிக்கும், இந்தக் கசப்பை எதுவும் அசைக்காது. வந்தவர்கள் பருப்பையும் உருளைக்கிழங்கு வறுவலையும் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

தில்லிக்கு வந்து இருபத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. முதலில் ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பு, இப்போது மயூர் விஹார். சாம்பார், ரசம், கூட்டு, மோர்க்குழம்பு இவற்றுக்கெல்லாம் கை தானாகப் போகும். ஆனால் பிள்ளைகள் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர்களுக்குப் பனீர் மக்னி வேண்டும், கடாய் பனீர் வேண்டும், அதுவும் ஓட்டலில் கிடைப்பதுபோல வேண்டும். நானும் வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு, கரம் மசாலா என்று எல்லாம் போட்டுத்தான் செய்தேன். வந்தது என்னவோ நம் ஊர்க் குருமா. நல்ல குருமா. ஆனால் அவர்கள் கேட்டது அதுவல்ல.

எனக்கு வழி காட்டியவர் எங்கள் கட்டடத்தின் மொட்டைமாடி அறையில் குடியிருந்த ஒரு சமையல்காரர். உத்தராகண்டின் கட்வால் மலைப் பக்கத்துக்காரர். தில்லி ஓட்டல் சமையலறைகளில் அந்தப் பக்கத்து ஆட்கள் நிறைய. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் அவர் வேலை பார்த்த ஓட்டல் மூடப்பட்டது, ஊருக்குப் போகவும் வழியில்லை. நான் அவருக்குச் சாப்பாடு அனுப்புவேன். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வருபவர், கதவுக்கு வெளியே இரண்டடி தள்ளி நின்று ஏதாவது சொல்லிவிட்டுப் போவார். ஒரு நாள் தீபாவளிக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "பாபிஜி, வெங்காயத்தை வேகவைத்தீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் பதினாறு ஆண்டுகள் 'ஹண்டி'யில் நின்றவர். பெரிய ஓட்டல்களில் தந்தூர் அடுப்புக்கு ஒருவர், குழம்பு வகைகளுக்கு ஒருவர் என்று பிரித்துவிடுவார்கள். குழம்புப் பக்கத்துக்குப் பெயர்தான் ஹண்டி. அங்கே நாம் கேட்ட பிறகு யாரும் வெங்காயம் நறுக்குவதில்லை என்றார். காலையிலேயே பெரிய பெரிய பாத்திரங்களில் நான்கு கிரேவி தயாராகிவிடும்: வெங்காயத்தைச் சிவக்க வதக்கிய பழுப்புக் கிரேவி, தக்காளியில் செய்த மக்னி, முந்திரி போட்ட வெள்ளை, கீரை போட்ட பச்சை. மெனு அட்டையில் நாற்பது பெயர் இருந்தாலும் பெரும்பாலானவை இந்த நான்கிலிருந்தோ, இவற்றில் இரண்டைக் கலந்தோ வருபவைதான். கோஃப்தாவுக்கு வெள்ளையில் கொஞ்சம் மக்னி. கடாய் பனீருக்குப் பழுப்பில் இடித்த மல்லியும் மிளகாயும்.

எனக்கு இது உடனே பிடிபட்டது. என் அம்மா காலையில் ஒரே குக்கரில் துவரம்பருப்பை வேகவைத்துவிடுவார். மேலே தெளிந்து நிற்கும் தண்ணீர் ரசத்துக்கு, கெட்டிப் பருப்பு சாம்பாருக்கு, ஒரு கரண்டி கூட்டுக்கு. புளிக்காய்ச்சலை ஒரு முறை காய்ச்சி ஜாடியில் வைத்தால் மாதக்கணக்கில் புளியோதரை. நாம் பருப்பிலும் புளியிலும் செய்வதை அவர்கள் வெங்காயத்திலும் தக்காளியிலும் செய்கிறார்கள்.

அடுத்த மூன்று மாதம் அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். இதில் நிறைய எழுத வேண்டியது பழுப்புக் கிரேவியைப் பற்றித்தான். ஏனென்றால் தவறுகள் அதில்தான் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கின்றன.

என் அளவு இது. ஒரு கிலோ வெங்காயம், மெல்லிய நீள வாக்கில். 200 மில்லி எண்ணெய். இஞ்சி, பூண்டு தலா 50 கிராம், அரைத்தது. அரைக்கிலோ தக்காளி, அரைத்தது. மல்லித்தூள் இரண்டு மேசைக்கரண்டி, காஷ்மீரி மிளகாய்த்தூள் ஒன்று, மஞ்சள்தூள் ஒரு தேக்கரண்டி. முழு மசாலாவில் பிரிஞ்சி இலை, சீரகம், ஒரே ஒரு கருப்பு ஏலக்காய். உப்பு பாதிதான்.

முதல் நாள் நான் வெங்காயத்தைப் பதினைந்து நிமிடம் வதக்கிவிட்டு, பொன்னிறம் வந்துவிட்டது என்று மாடிக்குப் புகைப்படம் அனுப்பினேன். "இது பாதி வழி" என்று பதில் வந்தது. அடி கனமான வாணலியில் மிதமான தீயில் நாற்பது நிமிடத்துக்குக் குறையாமல் ஆகிறது. வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் வெளியேறும்வரை வெங்காயம் வேகிறதே தவிர, வறுபடுவதில்லை. காதைக் கொடுத்துக் கேட்டால் தெரியும். முதல் இருபது நிமிடம் மழைச் சத்தம்போல ஓர் ஈரமான இரைச்சல். பிறகு அது மெல்லக் குறைந்து, தனித்தனியாகப் படபடவென்று கேட்கத் தொடங்கும். நிறம் மாறுவது அதற்குப் பிறகுதான், மாறத் தொடங்கினால் வேகமாக மாறும். அந்தக் கடைசி எட்டு நிமிடம் அடுப்பை விட்டு நகரக்கூடாது. ஓரங்கள் கருத்தால் மொத்தமும் கசக்கும்.

இஞ்சி பூண்டு போட்டுப் பச்சை வாசனை போன பிறகு, தூள்களை நேரே எண்ணெயில் கொட்டாமல் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து ஊற்றச் சொன்னார். இது எனக்குப் புதிது. காய்ந்த எண்ணெயில் விழுந்த மிளகாய்த்தூள் அரை நிமிடத்தில் கருகிவிடுகிறது. தண்ணீரோடு போனால், அந்தத் தண்ணீர் வற்றும்வரை நிதானமாக வேகிறது. அதன் பிறகு தக்காளி. தக்காளி ஊற்றியதும் எண்ணெய் முழுவதும் உள்ளே போய் மறைந்துவிடும். மறுபடியும் அது வெளியே வரும்வரை கிளற வேண்டும். நம் வீடுகளில் 'எண்ணெய் கக்கும் பதம்' என்பார்களே, அதுதான். கரண்டியால் வாணலியின் நடுவே ஒரு கோடு இழுத்தால், இரண்டு பக்கமும் மசாலா அப்படியே நிற்க வேண்டும், அந்தக் கோட்டுக்குள் சிவந்த எண்ணெய் மெல்லக் கசிந்து நிரம்ப வேண்டும். மசாலா சரிந்து கோட்டை மூடினால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம்.

எல்லாம் முடிந்தபோது என் தராசில் 720 கிராம் இருந்தது. ஒன்றே முக்கால் கிலோவுக்கு மேல் போட்டதற்கு இவ்வளவுதான். இதை ஆறு சிறிய டப்பாக்களில் அடைத்தேன். ஒரு டப்பா நான்கு பேருக்கு ஒரு வேளைக்குப் போதும்.

மக்னிக்கு வருகிறேன். பிரிவினையின்போது பெஷாவரிலிருந்து வந்தவர்கள் தரியாகஞ்சில் நடத்திய மோதி மஹால் ஓட்டலில்தான், மக்னி கிரேவியில் செய்யும் பட்டர் சிக்கன் பிறந்தது என்று இந்த ஊரில் சொல்வார்கள். அதை முதலில் செய்தது யார் என்ற சண்டை 2024இல் தில்லி உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. வீட்டில் செய்பவருக்கு அதில் முக்கியமான செய்தி வேறு: மக்னியில் வெங்காயம் கிடையாது. என் சமையலில் வெங்காயம் இல்லாத கிரேவி என்பதே இல்லாமல் இருந்ததால், ஆண்டுக்கணக்கில் வெங்காயம் போட்டே மக்னி செய்து, ஏன் ஓட்டல் ருசி வரவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது தவறு தக்காளி. ரசத்துக்கு நாட்டுத் தக்காளிதான் என்று பழகிய கை, மக்னிக்கும் அதையே வாங்கியது. இங்கே அதைத் 'தேசி' என்பார்கள். உருண்டை, மெல்லிய தோல், நிறைய சாறு, நல்ல புளிப்பு. அந்தப் புளிப்பைச் சரிசெய்யச் சர்க்கரை போடப் போட, கடைசியில் ரொட்டிக்குத் தடவும் ஜாம்போல வந்தது. மக்னிக்கு வேண்டியது நம் ஊரில் பெங்களூர்த் தக்காளி என்று சொல்கிற நீள்உருண்டை வகை. சதை அதிகம், சாறு குறைவு, புளிப்பும் குறைவு. நன்றாகப் பழுத்திருக்க வேண்டும். காம்புப் பக்கம் பச்சையாக இருந்தால் இரண்டு நாள் கூடையில் போட்டு வைத்துவிடுகிறேன்.

ஒரு கிலோ தக்காளி, 60 கிராம் முந்திரி, ஆறு பல் பூண்டு, கட்டைவிரல் அளவு இஞ்சி, ஊறவைத்த காஷ்மீரி மிளகாய் நான்கு, ஏலக்காய் இரண்டு, ஒரு துண்டு பட்டை, 50 கிராம் வெண்ணெய். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, கால் டம்ளர் தண்ணீரோடு மூடி அரைமணி நேரம். ஆறியதும் பட்டையை எடுத்துவிட்டு அரைத்து, வடிகட்டியில் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்து இறக்க வேண்டும். இந்த வடிகட்டலை நான் பலமுறை தவிர்த்துப் பார்த்தேன். தவிர்த்த ஒவ்வொரு முறையும் தோலும் விதையும் நாக்கில் நெருடின. ஓட்டல் மக்னியின் வழவழப்பில் கிரீமுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு வடிகட்டிக்கும் உண்டு. வடித்ததை மறுபடி இருபது நிமிடம் மெல்லிய தீயில், மேலே பளபளப்பு வரும்வரை. கிரீம், கடைசி வெண்ணெய், கசூரி மேத்தி என்கிற காய்ந்த வெந்தயக்கீரை மூன்றும் சாப்பிடும் நாளன்று மட்டுமே சேர்க்க வேண்டும். கசூரி மேத்தியை வெறும் தவாவில் அரை நிமிடம் சூடாக்கி உள்ளங்கையில் வைத்துக் கசக்கிப் போட்டால், அந்த ஒரு சிட்டிகையே வீட்டு வாசனையை ஓட்டல் வாசனையாக்கும். பெயர் இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் கசூரிலிருந்து வந்தது, இப்போது நமக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி ராஜஸ்தானின் நாகௌர் பக்கத்தில் விளைவது.

வெள்ளைக் கிரேவிக்கு ஒரே மந்திரம் வேகவைப்பதுதான். நறுக்கும்போதும் அரைக்கும்போதும் வெங்காயத்தின் நொதி வேலை செய்யத் தொடங்கி, கந்தக நெடியும் கசப்பும் உருவாகின்றன. முதலிலேயே கொதிநீரில் வெந்துவிட்டால் அந்த நொதி செயலிழந்துவிடும். அரைக்கிலோ வெங்காயத்தை நான்காக வெட்டி, 100 கிராம் முந்திரி, 50 கிராம் மகஜ், நான்கு பச்சைமிளகாயோடு இருபது நிமிடம் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு அரைக்கிறேன். மகஜ் என்பது முலாம்பழ, தர்பூசணி விதைகளின் பருப்பு. முந்திரியைவிட விலை குறைவு, கெட்டித்தன்மை கொடுக்கும், தனி ருசி கிடையாது. நான் ஆண்டுக்கு இரண்டு முறை பழைய தில்லியின் மசாலாச் சந்தையான காரி பாவ்லிக்குப் போய் இரண்டையும் வாங்கி வருகிறேன். அரைத்த விழுதை நெய்யில் ஏலக்காய், துளி ஜாதிபத்திரி போட்டுச் சிறுதீயில் கிளற வேண்டும். நிறம் மாறக்கூடாது. முந்திரி அடிப்பிடிக்கும், கை ஓயக்கூடாது. அவ்வளவுதான்.

பச்சைக் கிரேவியைச் சேமித்து வைப்பதில் அர்த்தமில்லை என்பது என் முடிவு. பாலக்கைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு உடனே பனிக்கட்டித் தண்ணீருக்கு மாற்றினால் நிறம் நிற்கிறது. ஆனால் மூன்றாம் நாள் அது பாசி நிறமாகிவிடுகிறது. கீரையோ ஐந்து நிமிட வேலை. தேவைப்படும்போது அரைத்து, ஒரு டப்பா பழுப்புக் கிரேவியில் கலந்துகொள்ளலாம்.

இந்த நான்கோடு ஐந்தாவதாக ஒன்று இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்தது. என் அண்ணன் மகள் லெஸ்டரில் படித்தாள். "அத்தை, இங்கே இந்திய ஓட்டலில் கிடைக்கும் கறி நம் ஊரில் எங்கேயுமே கிடைக்காது, ஆனால் நன்றாக இருக்கிறது" என்று எழுதுவாள். அங்கே அந்த ஓட்டல்களில் பெரும்பாலானவற்றை நடத்துபவர்கள் வங்கதேசத்தின் சில்ஹட் பக்கத்திலிருந்து போனவர்கள். அவர்களிடம் நான்கு கிரேவி கிடையாது, ஒன்றுதான். நிறைய வெங்காயம், கொஞ்சம் கேரட், கொஞ்சம் குடைமிளகாய், தக்காளி, இஞ்சி பூண்டு, மஞ்சள், சீரகம், மல்லி, தாராளமாக எண்ணெய். எல்லாவற்றையும் தண்ணீரில் ஒரு மணி நேரம் வேகவைத்து, அரைத்து, பால் பதத்துக்குத் தண்ணீராகவே வைத்திருப்பார்கள். வதக்கல் எதுவும் இல்லை. இந்த ஒன்றிலிருந்துதான் கோர்மா, பூனா, விந்தாலு, 'மெட்ராஸ்' எல்லாம். மெட்ராஸ் என்றால் அங்கே காரமான, கொஞ்சம் புளிப்பான கறி. சென்னையில் பிறந்த எனக்கு அந்தப் பெயரில் ஒரு குழம்பைத் தெரியாது.

அவள் சொன்ன அளவில் செய்தேன். வெங்காய சூப் வந்தது. அதில் பனீரைப் போட்டால் சூப்பில் பனீர். இரண்டு முறை இப்படியே ஆனபின் அவளை வீடியோவில் அழைத்து, அங்கே எப்படிச் செய்கிறார்கள் என்பதை நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். அப்போதுதான் புரிந்தது. அந்தக் கிரேவி ருசிக்காக வைத்திருப்பதல்ல, வற்றவைப்பதற்காக வைத்திருப்பது. அகலமான சட்டியில் முழுத் தீ. மூன்று கரண்டி எண்ணெய், இஞ்சி பூண்டு, மசாலாத்தூள், தக்காளி விழுது. அதன் மேல் ஒரு கரண்டி கிரேவி, கொதிக்கக் கொதிக்க. அது சுர்ரென்று குமிழியிட்டு ஓரங்களில் ஒட்டிப் பிடிக்கும்வரை கிளறாமல் விட வேண்டும். ஒட்டியதைச் சுரண்டி உள்ளே தள்ளிவிட்டு அடுத்த கரண்டி. பிறகு இன்னொன்று. நம்முடையதில் நாற்பது நிமிட வதக்கலில் வரும் ருசியை அவர்கள் ஐந்து நிமிடத்தில் சட்டியின் ஓரத்திலிருந்து எடுக்கிறார்கள். வீட்டு அடுப்பில் அது இரண்டு பேர் அளவுக்குத்தான் நடக்கிறது. நான்கு பேருக்கு ஒரே சட்டியில் செய்தால் சூடு இறங்கி மறுபடியும் சூப்தான். கிரேவி ஆறியிருந்தாலும் அதே கதை, பக்கத்து அடுப்பில் கொதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இது புரிந்த பிறகு மாடிக்காரர் சொல்லிக்கொண்டே இருந்த ஒன்று தெளிவானது. எந்தக் கிரேவியாக இருந்தாலும் அது பாதிச் சமையல்தான். டப்பாவிலிருந்து எடுத்துத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்துப் பனீரைப் போட்டால், பழைய குழம்பைச் சூடாக்கிய ருசிதான் வரும். மறுபடி எண்ணெயோ வெண்ணெயோ காய வேண்டும், அதில் புதிதாக நறுக்கிய பூண்டும் பச்சைமிளகாயும் பொரிய வேண்டும், அன்றைய மசாலா விழ வேண்டும், கிரேவி அதில் விழுந்து சத்தம் போட வேண்டும். ஓட்டல் ருசி என்று பிள்ளைகள் கேட்டது இந்த இரண்டாவது சமையலைத்தான். நான் முழுக் கவனத்தையும் முதல் சமையலில் வைத்திருந்தேன்.

2022 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதை ஒரு கை பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன். ஒரே கடையில் வாங்கிய பனீர், ஒரே அளவுத் துண்டுகள். பழுப்பு, மக்னி, வெள்ளை, இங்கிலாந்துக் கிரேவி என்று நான்கு. ஒவ்வொன்றுக்கும் முறையான இரண்டாவது சமையல். நான்கு எவர்சில்வர் கிண்ணங்களின் அடியில் எண் எழுதி ஒட்டினேன். கணவர், மகன், மகள், விடுமுறைக்கு வந்திருந்த அண்ணன் மகள், மாடிக்காரர் என்று ஐந்து பேர். சூடான ஃபுல்காவோடு எல்லோரும் நான்கையும் சாப்பிட்டார்கள்.

மகனும் மகளும் மக்னி. எதிர்பார்த்ததுதான். கணவர் பழுப்பு, அதையே இரண்டாவது முறையும் போட்டுக்கொண்டார். அண்ணன் மகளும் பழுப்பைத்தான் எடுத்தாள், இங்கிலாந்துக் கிண்ணத்தை அல்ல. வெள்ளையை யாரும் முதலாவதாகச் சொல்லவில்லை, எல்லோரும் இரண்டாவதாகச் சொன்னார்கள். மாடிக்காரர் மட்டும் இங்கிலாந்துக் கிண்ணத்தைத் திரும்பத் திரும்ப எடுத்து, ஃபுல்காவால் வழித்து, எப்படிச் செய்தது என்று கேட்டார். நான் சொன்னதும், "வதக்காமலா?" என்று மறுபடி ஒரு முறை முகர்ந்து பார்த்தார்.

அடுத்த நாள் மிச்சத்தைச் சூடாக்கிப் பார்த்தபோது வரிசை மாறியிருந்தது. பழுப்பு முன்னாளைவிட நன்றாக இருந்தது. மக்னி அப்படியே. வெள்ளை கெட்டியாகி, தண்ணீர் விட்டதும் திரிதிரியாகப் பிரிந்தது. இங்கிலாந்துக் கறியில் அந்தச் சட்டி வாசனை பாதி போய்விட்டிருந்தது. அது செய்த உடனே சாப்பிட வேண்டியது.

இதையெல்லாம் வைத்து, ஃப்ரீசரில் இப்போது நான் இரண்டு மட்டுமே வைத்திருக்கிறேன். பழுப்பு எப்போதும் இருக்கும். மக்னி, குளிர்காலத்தில் நல்ல தக்காளி மலிவாகக் கிடைக்கும்போது மூன்று கிலோவாகச் செய்து அடைத்துவிடுவேன். 2023 ஜூலையில் இங்கே தக்காளி கிலோ 200 ரூபாயைத் தாண்டியபோது, மார்ச்சில் அடைத்த கடைசி இரண்டு டப்பாக்கள் இருந்தன. நான்கு மாதமாகிவிட்டதே என்று பயந்துதான் திறந்தேன். நிறம் கொஞ்சம் மங்கியிருந்தது, ருசி இருந்தது. ஆனாலும் என் கணக்கு மூன்று மாதம்தான். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் என்றால் மூன்று நாள், அதற்கு மேல் வேண்டாம்.

சில விஷயங்களைத் தட்டுத்தடுமாறித்தான் கற்றேன். சூடான கிரேவியை டப்பாவில் போட்டு மூடி ஃப்ரீசருக்குள் தள்ளக்கூடாது, பக்கத்தில் இருப்பவையும் இளகுகின்றன. அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிட வேண்டும். கிரீம் சேர்த்ததை உறையவைத்தால் இளகும்போது திரிந்துபோகும். முந்திரி சேர்த்தது இளகியபின் மணல்போல இருந்தால் பயப்பட வேண்டாம், வெந்நீர் விட்டு மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றினால் சேர்ந்துகொள்ளும். உப்பை எப்போதும் பாதியாகவே போட வேண்டும், இரண்டாவது சமையலில் கிரேவி மறுபடியும் வற்றும். டப்பாவின் மேல் தேதி எழுத வேண்டும். ஃப்ரீசரில் ஒரு மாதம் இருந்த பிறகு பழுப்புக் கிரேவியும் புளிக்காய்ச்சலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன.

மாமியார் எங்களோடு இருக்கும் மாதங்களில் மக்னி இன்னொரு விதத்திலும் கைகொடுத்தது. புரட்டாசிச் சனிக்கிழமை அவர் வெங்காயம், பூண்டு தொடமாட்டார். அதே நாட்களில் இங்கே நவராத்திரியும் வந்துவிடுவதால், தில்லி ஓட்டல்களிலும் வெங்காயம் பூண்டு இல்லாத சாப்பாடு தனியாகப் போடுவார்கள். மக்னியில் வெங்காயம் முன்பே இல்லை. பூண்டையும் எடுத்துவிட்டு, வெண்ணெயில் பெருங்காயமும் துருவிய இஞ்சியும் பொரித்து ஊற்றினேன். பூண்டு இல்லாத குறை தெரியத்தான் செய்தது, அதைப் பெருங்காயம் முழுதாக நிரப்பவில்லை. கசூரி மேத்தியை இரண்டு பங்காக்கியதும் சரியாக வந்தது. மாமியார் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "இதில் நிஜமாகவே வெங்காயம் இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்று சொன்ன பிறகும் கிண்ணத்தைச் சாய்த்து ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் அடுத்த வாயை எடுத்தார்.

எண்ணெய் மட்டும் எனக்கு இன்னும் தீராத விஷயமாக இருக்கிறது. ஒரு கிலோ வெங்காயத்துக்கு 200 மில்லி என்பதை நூறாக்கிப் பார்த்தேன். வெங்காயம் சில இடத்தில் கருகியது, சில இடத்தில் வெளுத்தே இருந்தது. நூற்றைம்பதில் தப்பித்தது, ஆனால் கை ஓயாமல் கிளற வேண்டியிருந்தது. இப்போது இருநூறிலேயே வதக்கிவிட்டு, முடிந்ததும் வாணலியைச் சாய்த்து வைத்து, வடிந்து நிற்கும் சிவந்த எண்ணெயில் ஐந்தாறு கரண்டியை எடுத்துத் தனியாகக் கண்ணாடிப் புட்டியில் வைக்கிறேன். இரண்டாவது சமையலுக்குப் புது எண்ணெய்க்குப் பதிலாக அதையே காயவைக்கிறேன். மாடிக்காரர் பழைய ஓட்டலுக்குத் திரும்பிவிட்டார். ஓட்டல் விடுமுறையான திங்கட்கிழமைகளில் வருவார். போன வாரம் அந்தப் புட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, இதைத் தங்கள் சமையலறையிலும் இப்படித்தான் எடுத்து வைப்போம், சொல்ல மறந்துவிட்டேன் என்றார்.